யார் பெயரில் அந்த அட்டை?



சம்பளம் வாங்கிய மறுநாள் பட்டணத்துக்குப் போகிறோம். அரிசி, மீன், எண்ணெய், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று நாம் வாங்கும் சாமான்களின் பட்டியலில் இன்னொன்றும் இப்போது நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது. அதுதான் கைப்பேசி அட்டை. வீட்டுக்காரருக்கு ஒன்று, வீட்டம்மாவுக்கு ஒன்று, இடைநிலைப் பள்ளிக்குப் போகும் மகளுக்கு ஒன்று, தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகனுக்கு ஒன்று. ஆக, ஒரு வீட்டில் நான்கு அட்டைகள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அட்டைக்கு மாதம் 30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நான்கு அட்டைக்கு 120 வெள்ளி. ஆண்டுக்கு 1,440 வெள்ளி. நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அப்படியானால் ஒரு ஆளின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி இந்த அட்டைகளுக்கே போய்விடுகிறது அல்லவா?

இவ்வளவு பணம் கொட்டுகிற ஒரு பொருளை நாம் எப்படி வாங்குகிறோம்? மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். கைப்பேசி அட்டையை மட்டும், “ஒன்று கொடுங்கள் முதலாளி” என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று உங்களோடு பேச வந்தது பணத்தைவிடப் பெரிய ஒன்றைப் பற்றி. அந்த அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதே அது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வாங்கிய குடும்பம் பாதிச் சிக்கலிலிருந்து தப்பிவிடும்.

பெயர் வந்த கதை

ஒரு காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி என்றால் ஆபீசில் கிராணியின் மேசைமேல் இருந்த ஒன்றுதான். ஊரில் சாவு என்றாலும் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றாலும் செய்தி அங்கேதான் வரும். பட்டணத்தில் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று காசு போட்டுப் பேசினோம். பிறகு காசுக்குப் பதிலாக அட்டையைச் செருகிப் பேசும் தொலைபேசிகள் வந்தன. அந்த அட்டைக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. தீர்ந்தால் தூக்கி எறிந்துவிடலாம்.

1990-களின் பிற்பகுதியில் முன்கட்டணக் கைப்பேசி நம் நாட்டுக்கு வந்தது. மாதாமாதம் பில் வராது. முன்னாலேயே பணம் போட்டு, போட்ட பணத்துக்குப் பேசிக்கொள்ளலாம். தினக்கூலிக்கும் பவுண்டுக் கணக்குக்கும் உழைத்த நம் மக்களுக்கு இது வசதியாக இருந்தது. அந்த நாளில் தீப்பெட்டி வாங்குவதுபோல யார் வேண்டுமானாலும் அட்டை வாங்கலாம். பெயர் கேட்க மாட்டார்கள்.

2006-ஆம் ஆண்டில் இந்த நிலை மாறியது. முன்கட்டண எண் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. அன்றிலிருந்து நம் நாட்டவர் என்றால் அடையாள அட்டையையும், வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழையும் காட்டித்தான் அட்டை வாங்க வேண்டும். அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதரின் பெயர் நிற்கிறது. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் அந்தப் பெயருக்கு உரியவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அதுபோலத்தான் இதுவும். அந்த எண்ணிலிருந்து நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதலில் கூப்பிடப்படும் பெயர், பதிவில் உள்ள பெயர்தான்.

பெயரை இரவல் கொடுக்காதீர்கள்

நம் மக்களுக்கு இளகிய மனம். பக்கத்து லயத்துப் பையன் வந்து, “அக்கா, என் ஐ.சி. தொலைந்துபோச்சு, உங்க பேரிலே ஒரு கார்டு எடுத்துக் கொடுங்க” என்றால் மறுக்க மாட்டோம். கூட வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர் கெஞ்சிக் கேட்டால் மனம் இரங்கிவிடும். இன்னும் சில இடங்களில், “உங்கள் ஐ.சி.யைக் கொடுங்கள், ஓர் எண் பதிய இவ்வளவு வெள்ளி தருகிறேன்” என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. சும்மா வருகிற பணம்தானே என்று நீட்டிவிடுகிறோம்.

அந்த எண் என்ன ஆகிறது என்று யாராவது நினைத்துப் பார்க்கிறோமா?

தொலைபேசி மூலம் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி நாள்தோறும் பத்திரிகையில் படிக்கிறோம். அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் எண் வாங்குவார்களா? மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஊர் பேர் தெரியாத ஏழை எளியவரின் பெயர். எங்கோ ஒரு பட்டணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்துவிட்டுப் போலிஸில் புகார் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணிலிருந்து பேசினார்கள் என்று போலிஸ் பார்க்கிறது. அந்த எண் உங்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். “எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா” என்று நீங்கள் சொல்வது சத்தியமான வார்த்தையாக இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க எத்தனை நாள் வேலையை விட்டு அலைய வேண்டும்? தோட்டத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் யோசிக்கிறோம். கூட்டுக்குப் பேர் கொடுக்கச் சொன்னால் வீட்டில் கலந்து பேசுகிறோம். கைப்பேசி எண்ணுக்குப் பெயர் கொடுப்பதும் ஜாமீன் நிற்பது போன்றதுதான். கடனுக்காவது இவ்வளவு வெள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. இதற்கு அந்தக் கணக்கும் கிடையாது.

வெளிநாட்டுத் தோழர் கேட்டால் என்ன செய்வது? கோபிக்க வேண்டாம். அவருடைய கடப்பிதழைக் காட்டி அவர் பெயரிலேயே வாங்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் கூடவே கடைக்குப் போய் மொழிபெயர்த்து உதவுங்கள். அப்படிச் செய்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் தொல்லை இல்லை.

பிறர் பெயரில் உள்ள அட்டையும் வேண்டாம்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். “ஐ.சி. எல்லாம் வேண்டாம், இது ஏற்கெனவே திறந்த அட்டை, போட்டால் பேசலாம்” என்று சிலர் விற்பார்கள். வேலை சுலபம் என்று வாங்கிவிடுகிறோம். அந்த அட்டை யாரோ முன்பின் தெரியாதவர் பெயரில் இருக்கிறது. இதனால் வரும் நட்டம் உடனே தெரியாது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

கைப்பேசி தொலைந்துபோகிறது, அல்லது மழையில் நனைந்து அட்டை கெட்டுப்போகிறது. அதே எண்ணில் மாற்று அட்டை கேட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போகிறீர்கள். “பதிவில் உள்ளவரை அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள்” என்பார்கள். யாரை அழைத்துப் போவீர்கள்? எண் போயிற்று.

அதுபோலவே, எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் அலை உங்கள் லயத்துக்குச் சரியாக வரவில்லை என்றால், பழைய எண்ணோடு இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஆனால் எண் உங்கள் பெயரில் இருந்தால்தான் அது நடக்கும்.

எண் போனால் என்ன, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் சரி. இன்று அந்த எண்ணோடு உங்கள் வாழ்க்கையே கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பதும் அந்த எண்தான். இருபது, முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கவும் அந்த எண்தான். பிள்ளையின் மேற்படிப்பு விண்ணப்பத்திலும், அரசாங்க உதவித்தொகை விண்ணப்பத்திலும் நீங்கள் எழுதிக் கொடுத்தது அந்த எண்தான். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் பெயரில் எழுதி வைப்போமா? இதுவும் ஒரு சாவிதான், வாசகர்களே.

பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் எண்ணையும் பாருங்கள். “என் மாமன் மகன்தான் வாங்கிக் கொடுத்தான்” என்று தாத்தா சொல்வார். மாமன் மகன் இப்போது ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவர் ஒருமுறை ஊருக்கு வரும்போது இருவரும் கிளைக்குப் போய்த் தாத்தா பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இலவசமாகக் கொடுக்கும் இடத்தில்

இரவுச் சந்தையிலும், பட்டணத்துக் கடைத்தெருவிலும், சில சமயம் திருவிழாக் கூட்டத்திலும் கூடாரம் போட்டு அட்டை விற்பார்கள். “இலவசம், இலவசம்” என்று கூவுவார்கள். முறையான விற்பனையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் எங்கே வாங்கினாலும் கீழே சொல்வதைக் கடைப்பிடியுங்கள்.

அடையாள அட்டை உங்கள் கண்ணை விட்டு மறையக்கூடாது. “உள்ளே போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன்” என்றால், “இங்கேயே பதியுங்கள், நான் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பதிவு ஒருமுறைதான். “சரியாக விழவில்லை, இன்னொரு தடவை” என்று மூன்று நான்கு தடவை அடையாள அட்டையைக் கருவியில் செருகினாலோ, பல தடவை படம் பிடித்தாலோ, ஏன் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கியது ஒன்று, உங்கள் பெயரில் ஏறியது நான்கு என்று ஆகிவிடக்கூடாது.

அடையாள அட்டையின் நகல் கேட்டால், அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்த எண்ணைப் பதிவதற்காகக் கொடுத்தது, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். வெறும் நகலைக் கொடுப்பது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல.

கடையை விட்டுப் புறப்படும் முன் அட்டையைக் கைப்பேசியில் போட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு அழைப்புக் கொடுத்துப் பாருங்கள். எண் சரியா, பதிவு முடிந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். அட்டை ஒட்டியிருந்த பெரிய அட்டைத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் வரிசை எண்ணும், பூட்டுத் திறக்கும் எண்ணும் இருக்கும். பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் போட்டு வையுங்கள்.

இதற்கு முன்பே உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஏறியிருக்கின்றன என்று தெரிய வேண்டுமா? ஒரு நிறுவனத்தில் ஒருவர் பெயரில் 5 முன்கட்டண எண்களுக்கு மேல் பதியக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டில் விதி வந்தது. விதி இருந்தாலும் நம் எச்சரிக்கை நமக்கு வேண்டும். பட்டணத்துக்குப் போகும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, “என் பெயரில் என்னென்ன எண்கள் இருக்கின்றன?” என்று கேளுங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ரத்து செய்யச் சொல்லி, அதற்கு எழுத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏதேனும் தப்பு நடந்திருக்கும் என்று தோன்றினால் போலிஸ் நிலையத்தில் ஒரு புகாரும் எழுதிவைப்பது நல்லது.

பணம் போடும்போது

பெயர் விஷயம் முடிந்தது. இப்போது காசு விஷயத்துக்கு வருவோம்.

டாப்-அப் இரண்டு விதமாகப் போடுகிறோம். கடைக்காரர் தம் கருவியில் உங்கள் எண்ணை அழுத்தி நேரே பணம் ஏற்றுவது ஒன்று. இரகசிய எண் அச்சிட்ட துண்டுச் சீட்டையோ சுரண்டும் அட்டையையோ வாங்கி நாமே போட்டுக்கொள்வது இன்னொன்று.

நேரே ஏற்றும்போது எண்ணை வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கடைக்காரர் அழுத்தியதும் அவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். ஓர் எண் மாறினால் உங்கள் 30 வெள்ளி கிளந்தானில் இருக்கும் யாருக்கோ போய்விடும். திரும்பி வருவது கடினம். பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வரும்வரை கடையை விட்டு நகராதீர்கள்.

துண்டுச் சீட்டு வாங்கினால் உங்கள் நிறுவனத்தின் பெயர்தானா, தொகை சரியா, காலாவதித் தேதி முடிந்துவிட்டதா என்று மூன்றையும் பாருங்கள். சுரண்டும் அட்டை என்றால் மேல்பூச்சு கலையாமல் இருக்க வேண்டும். பணம் ஏறிய பிறகும் இரண்டு நாள் அந்தச் சீட்டை வைத்திருங்கள்.

போட்ட தொகைக்கு மேல் காசு கேட்டால் காரணம் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்தபோது 10 வெள்ளி டாப்-அப்புக்கு 10 வெள்ளி 60 காசு வாங்கினார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். அந்த வரி 2018-ஆம் ஆண்டில் நீங்கியது. அதன் பிறகும் வரி, கூலி என்று ஏதாவது பெயர் சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் பல கணக்குகள் தாமாகவே சரியாகிவிடும்!

இன்னொன்று. யாராவது தொலைபேசியில் அழைத்து, “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, 50 வெள்ளிக்கு டாப்-அப் சீட்டு வாங்கி அதில் உள்ள எண்ணைப் படியுங்கள்” என்றால் உடனே வைத்துவிடுங்கள். அந்த இரகசிய எண்தான் பணம். அதைப் படித்துக் காட்டுவது நோட்டை எடுத்துக் கையில் கொடுப்பதற்குச் சமம்.

நாள் கணக்கு

முன்கட்டண அட்டையில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று பணம், மற்றொன்று நாள். பணம் இருந்தும் நாள் முடிந்துவிட்டால் பேச முடியாது. நாள் முடிந்தபின் கொஞ்ச காலம் தவணை கொடுப்பார்கள். அதற்குள்ளும் பணம் போடாவிட்டால் எண் ரத்தாகிவிடும். ரத்தான எண்ணைப் பிறகு வேறொருவருக்கு விற்றுவிடவும் கூடும். அப்புறம் உங்கள் வங்கியிலிருந்து வரும் செய்தி யார் கைக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே, சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி குறிப்பதுபோல, ஒவ்வொருவர் அட்டையின் கடைசி நாளையும் வட்டம் போட்டுக் குறித்துவையுங்கள். ஓர் எண்ணை வேண்டாம் என்று விடுவதானால், முதலில் வங்கியிலும் சேமநிதி அலுவலகத்திலும் புதிய எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

இணையத்துக்குப் பணம் கட்டும்போது சின்னத் தொகை மலிவு என்று மயங்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு 10 வெள்ளி, ஒரு மாதத்துக்கு 35 வெள்ளி என்று இரண்டு திட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் காசு குறைவு என்று வாரத் திட்டமே போட்டுவந்தால் 52 வாரத்துக்கு 520 வெள்ளி. மாதத் திட்டம் என்றால் 12 மாதத்துக்கு 420 வெள்ளி. வித்தியாசம் 100 வெள்ளி. சம்பளம் வாங்கிய கையோடு மாதத் திட்டத்தைப் போட்டுவிட்டால் அந்த 100 வெள்ளி தீபாவளித் துணிக்கு ஆகும். இத்தனை நாளைக்கு என்று சொல்லும்போது, நாள் முடிந்ததும் தானாகவே மறுபடி பணம் பிடிப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேசாமலே பணம் குறைகிறதா? பிள்ளைகள் விளையாட்டாக எதையாவது அழுத்தி, பாட்டு, ஜாதகம், போட்டி என்று ஏதோ ஒரு சேவையில் சேர்ந்திருக்கக்கூடும். அவை பெரும்பாலும் 3-இல் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணிலிருந்து குறுஞ்செய்தியாக வரும். வரும் ஒவ்வொன்றுக்கும் காசு பிடிப்பார்கள். ‘ஸ்டாப் ஆல்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி அதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பினால் நிற்கும். நிற்காவிட்டால் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் உறவு வைத்திருப்பவர்கள், வெளிநாட்டு அழைப்பை நிமிடக் கணக்கில் பிடிக்கிறார்களா, நொடிக் கணக்கில் பிடிக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். நிமிடக் கணக்கு என்றால் 61 நொடி பேசினாலும் இரண்டு நிமிடக் காசுதான்.

அட்டை நல்லது, கைப்பேசி?

சிலர் புது அட்டை வாங்கிப் பழைய கைப்பேசியில் போட்டுவிட்டு, “அட்டை சரியில்லை” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். மூன்றாம் தலைமுறை எனப்படும் 3ஜி அலைவரிசையை நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு இறுதியோடு மூடிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கைப்பேசியில் பேச முடிந்தாலும் இணையம் சரியாக வராது. பழைய கைப்பேசி விலைக்கு வாங்குபவர்கள் 4ஜி உண்டா, அதிலேயே பேசவும் முடியுமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எந்த நிறுவனத்தின் அட்டை நல்லது என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. பட்டணத்தில் கணீரென்று கேட்பது செம்பனைக் காட்டுக்குள் கேட்காமல் போகலாம். விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் லயத்தில் யார் யார் எந்த அட்டை வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குள்ளும் வேலைக்காட்டிலும் யாருக்குச் சரியாகக் கேட்கிறது என்று விசாரியுங்கள். பாம்பு கடித்தாலும் மரம் விழுந்தாலும் காட்டுக்குள்ளிருந்து கூப்பிட உதவுகிற அட்டைதான் நமக்கு நல்ல அட்டை.

பயமுறுத்தும் அழைப்பு

இவ்வளவும் படித்த பிறகு, “நம் பெயரில் ஏதாவது எண் இருக்குமோ” என்று ஒரு பயம் உங்களுக்கு வந்திருக்கும். அந்தப் பயத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் கூட்டமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குக் கெடுதலாகிவிடும்.

ஒரு நாள் உங்களுக்கு அழைப்பு வரும். “தொடர்பு பல்லூடக ஆணையத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் அடையாள அட்டையில் பதிந்த எண்ணால் குற்றம் நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம். போலிஸ் அதிகாரியிடம் கொடுக்கிறோம்” என்பார்கள். அடுத்து ஒருவர் அதட்டலாகப் பேசுவார். கடைசியில் வங்கி எண்ணையோ இரகசிய எண்ணையோ கேட்பார், அல்லது பணத்தை ஒரு “பாதுகாப்பான கணக்குக்கு” மாற்றச் சொல்வார். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் மிரட்டுவார்.

இது முழு மோசடி. தொலைபேசியில் மிரட்டி எந்த அதிகாரியும் பணம் மாற்றச் சொல்ல மாட்டார். பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் மறுநாள் நீங்களே நிறுவனத்தின் கிளைக்கோ போலிஸ் நிலையத்துக்கோ நேரில் போய்க் கேளுங்கள். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒருவர் சொன்னால், உடனே பத்துப் பேரிடம் சொல்லுங்கள். அதுவே சரியான மருந்து.

தவறிப்போய்ப் பணம் அனுப்பிவிட்டால் அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. 2022-ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 997. உடனே அதற்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

முதலில் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதிவையுங்கள். அங்கே சரியான பதில் வராவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தில் புகார் செய்யலாம். அதன் இலவசத் தொலைபேசி எண் 1-800-188-030.

வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாந்து, விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் ‘திரிபூனால் துந்துத்தான் பெங்குனா’ என்று கேளுங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது இருக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும், தோட்டத்தில் படித்த பிள்ளைகளும் உதவுவார்கள்.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கும் பாட்டிக்கும் கைப்பேசியில் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள், மகிழ்ச்சி. இந்த வார விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த எண், யார் பெயரில், கடைசி நாள் எது, எந்த வங்கியில் கொடுத்திருக்கிறது என்று நான்கு கட்டம் போடுங்கள். ‘யார் பெயரில்’ என்ற கட்டத்தில் வீட்டில் இல்லாத ஒருவர் பெயர் வந்தால், அடுத்த முறை பட்டணம் போகும்போது முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். அந்தத் தாளை யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக வையுங்கள்; வெளியாருக்குக் காட்ட வேண்டாம்.

நம் பாட்டன் பூட்டன் இந்த மண்ணுக்கு வந்தபோது கொண்டுவந்த சொத்து அவர்கள் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரைக் கெடாமல் காப்பாற்றி நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை ஒரு அட்டைக்காக யாரிடமும் அடகு வைக்க வேண்டாம்.